உக்ரைனைப் படிக்க ஒரு துறை ஏன் போதவில்லை?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: “எம்.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். மேற்படிப்புக்கு ஜெர்மனி பார்த்துக்கொண்டிருந்தபோது ‘துறையிடை உக்ரைனியல்’ என்ற பெயரில் ஆய்வு மையங்கள் கண்ணில் பட்டன. ரஷ்ய ஆய்வு, ஸ்லாவிய மொழித்துறை எல்லாம் ஏற்கெனவே இருக்க, இது தனியாக எதற்கு? போர் வந்ததால் கிளம்பிய மவுசா? உள்ளே போனால் என்ன சொல்லிக்கொடுப்பார்கள்?”

மவுசு பற்றிய சந்தேகம் பாதி சரி. 2022 பிப்ரவரி 24இல் ரஷ்யா முழுப் படையெடுப்பைத் தொடங்குவதற்கு முன்பு ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் உக்ரைனுக்கென்று இருந்த இடம் மிகக் குறைவு. ‘கிழக்கு ஐரோப்பிய வரலாறு’ என்று பலகை மாட்டிய துறைக்குள் போனால், பாடத்தில் முக்கால்வாசி மாஸ்கோவும் பீட்டர்ஸ்பர்க்கும்தான். போர் தொடங்கிய பிறகு பணம் வந்தது. டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் நிதியில் 2024இல் இரண்டு மையங்கள் எழுந்தன. ஒன்று போலந்து எல்லையில் ஓடர் நதிக்கரையில் இருக்கும் வியாட்ரினா பல்கலைக்கழகத்தில். பெர்லின் ஆய்வு நிறுவனங்களோடு சேர்ந்து இயங்குவது. இன்னொன்று ரேகன்ஸ்பர்கில். நீங்கள் பார்த்தது இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

மீதிப் பாதிதான் எனக்குச் சொல்ல வேண்டியது. இந்தத் துறை போரில் பிறந்ததல்ல. பல துறை கலந்து செய்வதும் இங்கே ஒரு பாணிக்காக வந்ததில்லை. வேறு வழியே இல்லாததால் வந்தது. ரஷ்ய மொழியோடு உள்ளே நுழைந்து உக்ரைனிய மொழியோடு வெளியே வந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

தொடக்கத்தை 1894இல் வைக்கலாம். இன்று மேற்கு உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரம் அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. அங்கே பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக வந்து சேர்ந்தார் மிகாய்லோ ஹ்ருஷெவ்ஸ்கி, 28 வயதில். ரஷ்யப் பேரரசுப் பக்கம் 1876 முதல் உக்ரைனிய மொழியில் புத்தகம் அச்சிடுவதற்கே பெரும்பாலும் தடை. ஒரே இனத்தார், நடுவில் எல்லைக் கோடு. ஒரு பக்கம் பேராசிரியர் நாற்காலி, மறுபக்கம் தணிக்கை. 1904இல் அவர் எழுதிய ஒரு கட்டுரைதான் இன்றுவரை இந்தத் துறையின் முதல் பாடம். அன்றைய வரலாற்று நூல்கள் எல்லாம் கதையைக் கீவில் தொடங்கும், பிறகு விளாதிமிர் நகருக்குப் போகும், அங்கிருந்து மாஸ்கோ. சந்திப்பில் எஞ்சின் மாற்றிக்கொண்டு ரயில் கிளம்பிவிடும். கீவ் நடைமேடையில் நின்ற ஜனம் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. நானூறு ஆண்டு கழித்துக் கொசாக்குகளாக, அதாவது புல்வெளிப் போர்வீரர்களாக, திடீரென்று எங்கிருந்தோ வந்து நிற்பார்கள். அரசு போன வழியில் போகாதீர்கள், மக்கள் இருந்த இடத்தில் நில்லுங்கள் என்பதுதான் ஹ்ருஷெவ்ஸ்கியின் வாதம். அதை அவரே செய்து பார்த்தார்: 1898 முதல் பத்துத் தொகுதிகள் எழுதினார், ஆனாலும் 1658ஐத் தாண்ட முடியவில்லை. 1917இல் கீவில் அமைந்த மத்திய ராடா என்ற உக்ரைனிய மன்றத்தின் தலைவராக இருந்ததும், நாடு விட்டுப் போய்த் திரும்பி வந்து 1931இல் கைதாகி 1934இல் இறந்ததும் தனிக் கதை.

மக்கள் இருந்த இடத்தில் நின்றால் அடுத்த சிக்கல் தொடங்குகிறது. அந்த மக்கள் நெடுங்காலம் பிறர் அரசுகளின் கீழ் வாழ்ந்தவர்கள். ஆகவே அவர்களைப் பற்றிய காகிதமும் பிறர் மொழிகளில், பிறர் ஆவணக் கூடங்களில் கிடக்கிறது. லிதுவேனியப் பெருங்கோமகவு என்ற பழைய அரசின் பதிவேடுகள், உக்ரைனியத்துக்கும் பெலருசியத்துக்கும் முன்னோடியான பழைய ருத்தேனிய மொழியில்; போலந்து அரசவைக் கடிதங்கள் லத்தீனிலும் போலிஷிலும்; கிரிமிய கானின் கடிதங்கள் துருக்கிய மொழிகளில், அரபு எழுத்தில்; சிற்றூர் யூதர்களின் வாழ்க்கை இத்திஷ் மொழியில்; லிவிவைச் சுற்றிய கலீசியப் பகுதி நிர்வாகம் ஜெர்மனில். எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு கமியானெத்ஸ்-பொதில்ஸ்கி ஊரின் ஆர்மீனியர்கள். 16ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய நீதிமன்றப் பதிவுகளைப் பார்த்தால், எழுத்து ஆர்மீனியம்; மொழியோ கிப்சாக் என்ற துருக்கிய மொழி; வழக்கு நடந்தது போலந்து மன்னரின் ஆட்சியில்; ஊர் இன்றைய உக்ரைன். இந்தப் பதிவேடு எந்தத் துறைக்குச் சொந்தம் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் வரலாற்றாசிரியர்கள் அல்ல, ஆசிய, அரபு நாடுகளின் மொழியும் வரலாறும் படிக்கும் கீழைத்தேயவியல்காரர்கள் என்பது என் எண்ணம். அகதாங்கெல் க்ரிம்ஸ்கி மாஸ்கோவில் அரபு கற்பித்தவர். லெபனானில் இரண்டாண்டு இருந்தவர். 1918இல் கீவில் அறிவியல் கழகம் தொடங்கியபோது அதன் செயலாளரானார். உக்ரைனிய இலக்கணமும் எழுதினார், கவிதையும் எழுதினார். 1941இல் கைது செய்து கசகஸ்தானுக்குக் கொண்டுபோனார்கள். 1942 ஜனவரியில் சிறையில் இறந்தார். கைதாவதற்கு ஓராண்டு முன்பு அவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்த இளைஞர் ஒமெல்யான் பிரித்சாக், போரில் சிக்கி ஜெர்மனி போய், அங்கிருந்து அமெரிக்கா போய், துருக்கியியல் அறிஞராக ஹார்வர்டில் உட்கார்ந்தார். 1973இல் அங்கே உக்ரைனிய ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் அவர்தான். வரலாறு, இலக்கியம், மொழியியல் என்று மூன்று இருக்கைகள். மூன்றும் ஒன்றாக வேண்டும், ஒன்று மட்டும் போதாது என்பதில் உறுதியாக இருந்தார்கள். 1991இல் உக்ரைன் விடுதலையானதும் கீவுக்குத் திரும்பி, கீழைத்தேயவியல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கித் தன் ஆசிரியர் க்ரிம்ஸ்கியின் பெயரை அதற்கு வைத்தார் பிரித்சாக்.

ஹார்வர்டு இருக்கைகளுக்குப் பணம் எப்படி வந்தது என்பது நமக்குப் பழக்கப்பட்ட கதை. புலம்பெயர்ந்த உக்ரைனிய மாணவர்கள் 1957இல் நிதி திரட்டத் தொடங்கினார்கள். தேவாலயம் தேவாலயமாக, வீடு வீடாகச் சிறு தொகைகள். அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் சேர்க்க நாம் 2018 வரை அலைந்ததும், தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்ததும் நினைவிருக்கும். கனடாவில் அரசுப் பல்கலைக்கழகமே முன்வந்தது: எட்மன்டனில் 1976இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் உக்ரைனிய நிறுவனம் வந்தது. ஐந்து தொகுதி ஆங்கிலக் கலைக்களஞ்சியம் அதன் பெரிய சாதனை. இன்றைக்கு அது இணையத்தில் இலவசம்.

இத்தனை இருந்தும் 1995இல் மார்க் வான் ஹாகன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் ‘உக்ரைனுக்கு வரலாறு உண்டா?’ என்று தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. கிண்டல் இல்லை. அரசு தொடர்ந்து இருந்த நாடுகளுக்கு மட்டும்தான் ‘முழு’ வரலாறு என்று பல்கலைக்கழகங்கள் நினைப்பதை அவர் குத்திக்காட்டினார். எல்லைகள் மாறிக்கொண்டே இருந்ததும், பல இனம் பல மதம் கலந்ததும் உக்ரைனின் குறையல்ல, அங்கேதான் சுவாரசியமான கேள்விகள் இருக்கின்றன என்றார்.

சரி, வகுப்பில் என்ன நடக்கும்? இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

முதலாவது ஒரு வரைபடம். நான் படித்த இடத்தில் ஆசிரியர் ஒருநாள் திரையில் 1933ஆம் ஆண்டின் சோவியத் உக்ரைன் வரைபடத்தைப் போட்டார். மாகாண எல்லைகள் மட்டும், நிறம் எதுவும் இல்லை. “பஞ்சத்தில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் செத்தார்கள் என்று இதில் நிறம் தீட்ட வேண்டும். அடர் சிவப்பு எங்கே வரும்?” என்று கேட்டார். எல்லோரும் தெற்கைக் காட்டினோம். கோதுமை விளையும் புல்வெளி அங்கேதான். அரசு ஆட்கள் தானியத்தைப் பிடுங்கத்தானே வந்தார்கள், அங்கேதானே அதிகம் பிடுங்கியிருப்பார்கள்? அடுத்த படத்தில் நிறம் வந்தது. அடர் சிவப்பு தெற்கில் இல்லை; கீவ், கார்கிவ் மாகாணங்களில் இருந்தது.

இந்தப் படத்துக்குப் பின்னால் எத்தனை துறைகள் என்று எண்ணிப் பாருங்கள். 1932-33 பஞ்சத்தை ‘ஹொலோடோமோர்’ என்பார்கள். ‘ஹோலோத்’ பசி, ‘மோர்’ கொள்ளைச்சாவு. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை மறைக்க அரசு எல்லாம் செய்தது. 1937 குடிக்கணக்கில் சோவியத் மக்கள்தொகை 16 கோடியே 20 லட்சம்தான் வந்தது. மேலிடம் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. கணக்கை ரத்து செய்தார்கள், கணக்கெடுப்பை நடத்தியவர்களைக் கைது செய்தார்கள். ஆவணங்கள் திறந்த பிறகு கீவின் மக்கள்தொகையியல் நிறுவனத்தினர் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள். 1926, 1937, 1939 கணக்குகள், ஊர்ப் பிறப்பு இறப்புப் பதிவுகள், இடம்பெயர்ந்தவர் எண்ணிக்கை எல்லாவற்றையும் வைத்து, ஆண்டு ஆண்டாக மக்கள்தொகையை மறுபடி கட்டி எழுப்பினார்கள். வந்த விடை: உக்ரைனில் மட்டும் இயல்புக்கு மேற்பட்ட இறப்பு சுமார் 39 லட்சம், பிறக்காமலே போன குழந்தைகள் இன்னும் 6 லட்சம் போல.

அதுவரை புள்ளியியல். ஹார்வர்டின் எண்ணிமவழி (டிஜிட்டல்) நிலப்படத் திட்டம் இந்த எண்களை மண்ணில் பரப்பியபோதுதான் அந்தச் சிவப்பு இடம் மாறிப்போனது தெரிந்தது. இப்போது பந்து மறுபடி வரலாற்றாசிரியரிடம். அவர் பழைய உத்தரவுகளைத் தோண்டினார். 1932 வசந்தத்திலேயே கீவ் பக்கம் பட்டினி தொடங்கியிருந்தது. பலவீனமான உடம்போடுதான் அந்த மக்கள் 1933க்குள் வந்தார்கள். 1933 வசந்தத்தில் அரசு கொஞ்சம் தானியம் விட்டபோது, விதைப்பு நடந்தாக வேண்டிய தெற்குக்கு முன்னுரிமை கிடைத்தது. போலந்து எல்லையோர மாவட்டங்களில் சாவு ஒப்பீட்டளவில் குறைவு. பக்கத்து நாடு பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற அச்சம் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகப் பட்டினி வெயில் மழை போல எல்லோர் மேலும் விழவில்லை. யாருக்கு எப்போது ஒரு மூட்டை திருப்பித் தருவது என்று மேசையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். வரலாற்றாசிரியர் தனியாக இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது; மக்கள்தொகையியலார் தனியாக இருந்திருந்தால் விடை வந்திருக்காது. துறையிடை என்று எதையாவது சொல்லலாம் என்றால் இதைச் சொல்லலாம். ஒரே மேடையில் நாலு துறைக்காரர்கள் உட்கார்ந்து ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பேசிவிட்டுக் காப்பி குடிக்கப் போவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. அப்படியும் நிறைய நடக்கிறது.

இரண்டாவது எடுத்துக்காட்டு மிகச் சிறியது: ஓர் எழுத்து. உக்ரைனிய நெடுங்கணக்கில் ‘ஹ’ ஒலிக்கு ஓர் எழுத்து, அதன் தலையில் ஒரு சிறு கொம்பு வைத்தால் ‘காந்தி’யின் முதல் ஒலி. 1933இல், பஞ்சம் நடந்த அதே ஆண்டில், அந்தக் கொம்பு வைத்த எழுத்தை நெடுங்கணக்கிலிருந்தே நீக்கினார்கள். 1928இல் கார்கிவில் வகுத்த எழுத்துமுறைக்குப் பொறுப்பான அமைச்சர் மிகோலா ஸ்க்ரிப்னிக் 1933 ஜூலையில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். எழுத்து போனதும் என்ன ஆனதென்றால், ‘ஹ்ராத்தி’ என்றால் விளையாடு. கொம்பு எழுத்தில் ‘க்ராத்தி’ என்றால் சிறைக் கம்பி. இரண்டும் அச்சில் ஒன்றாகிவிட்டன. நமக்கும் ‘க’ ஒன்றே ஒன்றுதான், காந்தியும் மகளும் அதிலேயே அடங்குகிறார்கள், இதில் என்ன பெரிய விஷயம் என்று நானும் முதலில் நினைத்தேன். நம்முடைய ‘க’ இப்படி ஆனது மொழியின் போக்கில்; அவர்களுடையதை ஓர் ஆணை எடுத்துவிட்டது. புலம்பெயர்ந்தவர்கள் மட்டும் அந்த எழுத்தை விடாமல் வைத்திருந்தார்கள். அதனால் ஒரு புத்தகத்தைத் திறந்து கொம்பு இருக்கிறதா என்று பார்த்தாலே அது சோவியத் அச்சா, வெளிநாட்டு அச்சா என்று ஓரளவு சொல்லிவிடலாம். 1990இல் எழுத்து திரும்பி வந்தது. மொழியியல் வகுப்பில் தொடங்கிய இந்தப் பாடம் அரசியல் வரலாற்றுக்குப் போய், அச்சு வரலாற்றுக்குப் போய், கடைசியில் அகதிகளின் நினைவுகளில் போய் நிற்கும்.

மொழி என்றதும் ‘சூர்ஜிக்’ பற்றியும் ஒரு வார்த்தை. உக்ரைனியமும் ரஷ்யமும் கலந்த பேச்சுக்கு அந்தப் பெயர். முதலில் பல தானியம் கலந்து அரைத்த மாவுக்குத்தான் சூர்ஜிக் என்று பெயர். அதைக் கேலி செய்வதா, ஆராய்வதா என்பதிலேயே இலக்கணக்காரருக்கும் சமூகமொழியியலாருக்கும் ஆகாது.

இன்றைய பிரச்சினைகளிலும் இதே கதைதான். 2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை உடைந்தது. தினிப்ரோ நதியில் 1956இல் கட்டியது. 2,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்த நீர்த்தேக்கம். தண்ணீர் வடிந்த இடத்தில் வெளியே வந்தது ‘வெலிக்கி லூஹ்’, பெரும் புல்வெளி. கொசாக்குகளின் பழைய இருப்பிடங்கள் இருந்த, நீரில் மூழ்கடித்த நிலம். சில மாதங்களில் அங்கே வில்லோ மரங்கள் காடாகக் கிளம்பின. அணையை மறுபடி கட்ட வேண்டுமா? தெற்கின் வயல்களுக்குத் தண்ணீர் வேண்டும். சாபொரிஷியா அணுமின் நிலையத்தின் குளிர்நீர் அந்தத் தேக்கத்தை நம்பி இருந்தது. காடு வளரட்டும் விடுங்கள் என்கிறார்கள் சூழலியலார். சேற்றில் நூறாண்டுக் கணக்கில் பழைய பொருள்கள் கிடக்கின்றன, அவசரப்படாதீர்கள் என்கிறார்கள் தொல்லியலார். அந்த வெள்ளத்தைப் போர்க்குற்றமாக எப்படி நிறுவுவது என்பது சட்டத்துறைக்காரரின் கவலை. இதில் ஒருவர் மட்டும் பேசி முடிக்க முடியாது.

போர் ஆய்வையே மாற்றிவிட்டது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். உக்ரைனில் 2015இல் வந்த சட்டம் சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.யின் பழைய ஆவணங்களைத் திறந்துவிட்டது, மாஸ்கோவில் கிடைக்காததைத் தேடி உலகமே கீவுக்குப் போனது. 2022 பிப்ரவரியில் செர்னிஹிவ் நகரில் அந்த ஆவணக் கூடம் ஒன்று குண்டில் எரிந்தது. அந்த ஆண்டு இறுதியில் ஹெர்சோன் நகரை விட்டுப் பின்வாங்கிய ரஷ்யப் படை அங்கிருந்த அரசு ஆவணங்களைப் பெருமளவு அள்ளிக்கொண்டு போனது. 2022 மார்ச்சில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், பெரும்பாலும் நூலகர்களும் கணினி தெரிந்த மொழித்துறைக்காரர்களும், உக்ரைனிய அருங்காட்சியகங்கள், நூலகங்களின் இணையதளங்களை இரவு பகலாக நகலெடுத்தார்கள். பதுங்கறையில் இருந்தபடி படிப்பைத் தொடர விரும்பிய உக்ரைனிய மாணவர்களுக்காக மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் அதே ஆண்டு ‘கண்ணுக்குத் தெரியாத பல்கலைக்கழகம்’ ஒன்றைத் தொடங்கியது. மின்வெட்டு நேரத்தில் வகுப்பு என்றால் என்ன என்று அந்த ஆசிரியர்களைக் கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. புலம்பெயர்ந்தோர் பணத்தில் வளர்ந்த துறைக்கு ஒரு நோய் உண்டு: சொந்தக் காயத்தை மட்டும் படிப்பது. நீங்கள் பார்க்கும் பாடத்திட்டத்தில் ஹொலோடோமோர் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், கட்டாயம் இருக்கும். 1941 செப்டம்பர் 29, 30 தேதிகளில் கீவின் ‘பாபின் யார்’ பள்ளத்தாக்கில் சுட்டுக் கொன்று, ஜெர்மானியர் தங்கள் அறிக்கையிலேயே எண்ணி எழுதிய 33,771 யூதர்கள் இருக்கிறார்களா, அதில் உள்ளூர்க் காவலர்களின் பங்கு பேசப்படுகிறதா, 1943இல் இன்றைய வடமேற்கு உக்ரைனான வொலினியாவில் உக்ரைனியக் கிளர்ச்சிப் படையினரால் கொல்லப்பட்ட போலந்துக்காரர்கள் இருக்கிறார்களா, 1944இல் நாடுகடத்தப்பட்ட கிரிமியத் தாத்தாரியர் இருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அது பிரசாரம். வேறு இடம் பாருங்கள்.

‘காலனிய நீக்கம்’ என்ற சொல்லும் இப்போது எல்லா அறிவிப்பிலும் இருக்கும். உக்ரைனை ரஷ்யப் பேரரசின் கண்ணால் பார்ப்பதை விடுவது என்று பொருள். சொல் தவறில்லை. சோவியத் வெளியீடுகளை மலிவாக வாங்கிப் படித்த நம் தலைமுறைக்கே கோகோல் வெறும் ரஷ்ய எழுத்தாளர். அவர் பொல்தாவா பக்கத்துக்காரர் என்பது எனக்கு ஜெர்மனியில்தான் தெரிந்தது. என் முதல் கருத்தரங்கக் கட்டுரையில் ஊர்ப் பெயர்களை எல்லாம் ரஷ்ய உச்சரிப்பில் எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கார்கிவ் மாணவி ஒன்றும் பேசாமல் பென்சிலால் ஒவ்வொன்றாகத் திருத்திக் கையில் கொடுத்தாள். காலனிய நீக்கம் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையையும்விட அந்தத் தாள் உதவியது. மொழியைக் கற்றுக்கொள்ளாமல் அந்தச் சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: விண்ணப்பிக்கும் முன் உக்ரைனிய மொழியைத் தொடங்கிவிடுங்கள். ரஷ்ய மொழி பிறகு வாசிப்புக்குக் கண்டிப்பாகத் தேவைப்படும், சோவியத் ஆவணம் பெரும்பாலும் அதில்தான். ஆனால் வரிசை முக்கியம். ரஷ்யத்தில் தொடங்கியவர்கள் ரஷ்யக் கண்ணாடியைக் கழற்ற ஆண்டுகள் ஆகின்றன, எனக்கு ஆனது. மூன்றாவதாகப் போலிஷ் வாசிக்கத் தெரிந்தால் பாதிக் கதவு திறந்துவிடும். வியாட்ரினாவில் இடம் கிடைத்தால் அது எளிது, பாலத்தில் நடந்து மறுகரை போனால் போலந்து. நேரம் இருந்தால் முதலில் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தின் உக்ரைனியக் கோடைப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள்; துறை உங்களுக்கு ஒத்துவருமா என்று முதுகலையில் மாட்டிக்கொள்ளும் முன்பே தெரிந்துவிடும்.

வேலை? நிரந்தரப் பேராசிரியர் பணி விரல் விட்டு எண்ணும் அளவுதான், இதை யாரும் விளம்பரத்தில் போட மாட்டார்கள். திட்ட நிதி முடிந்தால் இடமும் முடியும். ஆவணக் காப்பகம், மொழிபெயர்ப்பு, அகதிகள் சார்ந்த அமைப்புகள், எண்ணிம வரைபட வேலை என்று வெளியே போகிறவர்கள் அதிகம். அதனால் வரலாற்றோடு கைத்தொழில் ஒன்றும் கற்றுக்கொள்ளுங்கள். நிலப்படத் தரவு கையாளத் தெரிந்த வரலாற்று மாணவருக்கு எந்த மையத்திலும் முதல் நாளே ஒரு மேசை கிடைத்துவிடும்.